ஆட்டு ரோமத்தையும் சங்கத்தின் கணக்கில் சேருங்கள்: செம்மறி வளர்ப்போர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்கள், செயலாளர்கள், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கரூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல், திருச்சி மாவட்டங்களில் செம்மறி வளர்ப்போருக்காகச் சங்கம் நடத்துகிற உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். எந்த ஒரு சங்கத்தையும் மனதில் வைத்து எழுதவில்லை. எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து குரும்பை ஆடுதான். அரசாங்கப் பதிவேட்டில் கோயம்புத்தூர் இனம் என்று போட்டிருப்பார்களே, அது. உறவுக்காரர்களில் சிலர் கம்பளித் தறியில் உட்கார்ந்தவர்கள். அதனால் ஆட்டுப் பக்கமும் தெரியும், தறிப் பக்கமும் ஓரளவு தெரியும்.

சங்கங்கள் இதுவரை செய்த வேலையை முதலில் சொல்லிவிட வேண்டும். காங்கேயம், வெள்ளக்கோவில், சென்னிமலைப் பக்கம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் குதறிப் போட்டபோது, செத்த ஆடுகளோடு ரோட்டில் உட்கார்ந்து நியாயம் கேட்டவர்கள் நீங்கள். அரசு இழப்பீடு அறிவித்ததற்கு அந்தப் போராட்டம்தான் காரணம். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி முகாம் எப்போது வரும் என்று கால்நடை மருத்துவமனைக்கு விடாமல் நடந்ததும் நீங்கள்தான். அந்த நோயை 2030-க்குள் ஒழித்துவிட வேண்டும் என்று உலக அளவில் இலக்கு வைத்திருக்கிறார்கள். அது நம் ஊரில் நடக்க வேண்டுமானால், எந்தப் பட்டிக்கு ஊசி போட்டாயிற்று, எது விட்டுப்போனது என்று சொல்ல ஊருக்குள் ஆள் வேண்டும். அந்த ஆள் சங்கம்தான். துள்ளுமாரி, அம்மை, மழைக்காலத்தில் நீலநாக்கு என்று வருஷம் முழுவதும் ஒன்று மாற்றி ஒன்று வரும்போது முதல் போன் சங்கத்துக்குத்தான் வருகிறது.

இவ்வளவும் செய்கிற சங்கங்களின் கூட்டங்களில் ஆட்டு ரோமத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட வருவதில்லை. கறி விலை, கடன், காப்பீடு, நாய், சந்தைச் சுங்கம் எல்லாம் பேசி முடித்து டீ குடித்துவிட்டுக் கலைந்துவிடுகிறோம். வெட்டின முடியை வேலியோரம் கொட்டுகிறோம், இல்லையென்றால் கொளுத்துகிறோம். இதை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

உங்களில் பலர் மேச்சேரி ஆடு வைத்திருப்பவர்கள் என்பது எனக்குத் தெரியும். கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தில் கிளுவை வேலிக்குள்ளே கொழுக்கட்டைப் புல் மேய்ந்து வளர்கிற சிவப்பு ஆட்டுக்குக் கத்தரி போடுகிற வேலையே இல்லை. அதன் பெருமை கறியிலும் தோலிலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பதிவான செம்மறி இனங்கள் பத்து வரை வரும்; அவற்றில் கத்தரிக்கிற அளவுக்கு ரோமம் தருபவை நீலகிரி, கோயம்புத்தூர், திருச்சி கருப்பு ஆகிய மூன்றுதான். ஆக, ரோமம் உங்கள் உறுப்பினர்களில் ஒரு பகுதிப் பேரின் பிரச்சினை. ஆனால் அந்த ஒரு பகுதிப் பேருக்குச் சங்கத்தை விட்டால் வேறு நாதி கிடையாது. கறிக்குக் குன்னத்தூர் சந்தை இருக்கிறது, கன்னிவாடிச் சந்தை இருக்கிறது, வீட்டு வாசலுக்கே வியாபாரி வருகிறார். ரோமத்துக்கு யாரும் வருவதில்லை.

ஏன் வருவதில்லை என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் குரும்பை ஆட்டில் வருஷத்துக்கு இரண்டு வெட்டுக்கும் சேர்த்து முக்கால் கிலோ முடி தேறினால் பெரிய விஷயம். நூறு ஆடு வைத்திருப்பவருக்கு எழுபது கிலோ. அதிலும் பாதி இந்த வெட்டில், பாதி அடுத்த வெட்டில். முப்பத்தைந்து கிலோ முடியை வாங்க எந்த வியாபாரி வண்டி வைத்துக்கொண்டு வருவார்? வந்தாலும் என்ன விலை சொல்வார்? வெட்டுக்கூலிக்கே காணாது. அதனால் ஆட்டுக்காரர், வெயிலுக்கும் உண்ணிக்கும் பயந்து முடியை வெட்டுகிறாரே தவிர, முடிக்காக வெட்டுவதில்லை. வெட்டினதை எடுத்து வைக்க இடமும் இல்லை, பொறுமையும் இல்லை.

இதே முடியை நூறு பட்டிகளில் இருந்து சேர்த்தால் வருஷத்துக்கு ஏழு டன். அதற்கு வண்டி வரும், பேரம் வரும், மாதிரி எடுத்துப் பார்க்கிற ஆலைக்காரரும் வருவார். தனித்தனியாக இருக்கிறவரை குப்பை, சேர்த்தால்தான் சரக்கு. ஒரு ஆட்டுக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தனியாக இதைச் செய்ய முடியாது. கறிக்கும் பாலுக்கும் சங்கம் இருந்தால் நல்லது. ரோமத்துக்குச் சங்கம் இல்லாவிட்டால் சரக்கே கிடையாது.

சேர்ப்பது என்றால் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் அடைப்பது இல்லை. இங்கேதான் சங்கத்தின் உண்மையான வேலை இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு பட்டியில் முடிவெட்டு நடப்பதை நின்று பாருங்கள். ஆட்டைச் சாய்த்து, முன்னங்கால் இரண்டையும் ஒரு பின்னங்காலோடு சேர்த்துக் கட்டிப் போடுகிறார் வெட்டுகிறவர். பெரிய கத்தரியைத் தோலோடு தோலாகப் படுக்க வைத்து ஓட்டினால் முடி ஒரே பாய் மாதிரி சுருண்டு வரும். கை தளர்ந்து கத்தரி மேலே தூக்கிவிட்டால், அடியில் அரை விரல் நீளம் நின்றுவிடும். அதைத் திரும்ப ஒருதரம் வெட்டிச் சரிசெய்வார். ஆடு பார்க்க அழகாகிவிடும். ஆனால் அந்த இரண்டாம் வெட்டில் விழுந்த துண்டு முடி நல்ல முடியோடு கலந்துவிட்டால் நூல் நிற்காது, இழுக்க இழுக்க அறுந்துகொண்டே போகும். ஆட்டுக்குக் கூலி என்று பேசினால் வெட்டுகிறவர் வேகத்தைத்தான் பார்ப்பார். இரண்டாம் வெட்டு இல்லாமல் வெட்டினால் கூலியில் கொஞ்சம் கூடுதல் என்று சங்கம் ஒரு விதி வைத்தால் போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அப்புறம் தரம் பிரிப்பது. வயிற்று முடி, கால் முடி, வாலடி முடி மூன்றிலும் புழுக்கையும் மூத்திரக் கறையும் இருக்கும். அதை அங்கேயே தனியாகப் போட வேண்டும். குட்டியின் முதல் வெட்டு முடிதான் இருப்பதிலேயே மிருதுவானது, அதுவும் தனி. வெள்ளையும் கறுப்பும் கலக்கவே கூடாது. குரும்பை ஆட்டுக்கு உடம்பு வெள்ளை, தலை கறுப்பு அல்லது பழுப்பு. கழுத்தோரத்தில் வெட்டும்போது நாலு கறுப்பு இழை வெள்ளையில் விழுந்தாலும், அந்த முடியை வெளிர் நிறத்தில் சாயம் ஏற்ற முடியாது. திருச்சி கருப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் கறுப்பு சாயமே தேவையில்லாத கறுப்பு. பிரித்து வைத்தால் அதற்கென்று தனி விலை கேட்கலாம்.

அடையாளத்துக்கு ஆட்டின் முதுகில் பெயின்ட் அடிக்கிறோமே, அது எந்தச் சோப்புக்கும் போகாது. பெயின்ட் பட்ட இடத்து முடி முழுவதும் வீண். காதில் வில்லை மாட்டுங்கள், அல்லது அடிக்கத்தான் வேண்டும் என்றால் தலையிலோ காலிலோ அடியுங்கள் என்று உறுப்பினர்களுக்குச் சொல்ல ஒரு நோட்டீஸ் போதும். உரச்சாக்கும் அப்படித்தான். அதன் பிளாஸ்டிக் இழை பிரிந்து முடிக்குள் கலந்தால் பிரித்தெடுக்கவே முடியாது, சாயமும் பிடிக்காது. இழை பிரியாத பைகளைச் சங்கமே மொத்தமாக வாங்கிக் கொடுக்கலாம். முடி வெட்டுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் ஆட்டைக் குளத்தில் இறக்கிக் குளிப்பாட்டி, உலர்ந்த தரையில் நிறுத்தினால் மண் பாதி போய்விடும். ஈரத்தோடு மட்டும் கட்டி வைக்கக் கூடாது. உள்ளே சூடேறி, மஞ்சள் பூத்து, பையைத் திறக்கும்போது நாற்றம் குமட்டும்.

பிடி முடியை எடுத்து இரு நுனியையும் பிடித்துக் காதருகே வைத்து வெடுக்கென்று இழுத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. நல்ல முடி கிண்ணென்று நிற்கும். கோடையில் பட்டினி கிடந்த ஆட்டின் முடியும், காய்ச்சலில் விழுந்து எழுந்த ஆட்டின் முடியும் நடுவில் அறுந்துவிடும். ஒரு ஆடு ஆறு மாதத்தில் பட்டது எல்லாம் அதன் முடியில் இருக்கும். தரம் பிரிக்கப் பழகியவர் ஒருவர் சங்கத்தில் இருந்தால், எந்தப் பட்டியில் தீவனம் போதவில்லை, எங்கே குடற்புழு மருந்து கொடுக்கத் தவறிவிட்டார்கள் என்பதற்குக்கூட அவரிடம் ஒரு துப்புக் கிடைக்கும்.

சரி, சேர்த்து, பிரித்து, கட்டியாயிற்று, யார் வாங்குவார்கள்? இதில் நாம் உறுப்பினர்களிடம் பொய்யான ஆசை காட்டக் கூடாது. நம் முடி ஸ்வெட்டருக்கு ஆகாது. ஸ்வெட்டருக்கு ஏற்ற மெரினோ இனத்து ஆட்டு முடியின் கனம் 24 மைக்ரானுக்குள் இருக்கும் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நீலகிரி ஆட்டினுடையது சுமார் 27. நம் குரும்பையும் திருச்சி கருப்பும் அதையெல்லாம் தாண்டின முரட்டு ரகம். இந்தியாவில் கிடைக்கும் ரோமத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் தரைக்கம்பள ரகம், 5 சதவீதம் ஆடை ரகம், மீதி 10 சதவீதம் முரட்டுக் கம்பளி ரகம் என்று மத்திய ஜவுளி அமைச்சகம் கணக்குச் சொல்கிறது. நம்முடையது அந்தக் கடைசிப் பத்தில்தான் பெரும்பாலும் சேரும். அதற்கேற்ற இடத்தில்தான் விற்க வேண்டும்: கம்பளி, தரைவிரிப்பு, அழுத்திச் செய்கிற கனத்த விரிப்புகள், வெப்பமும் சத்தமும் தடுக்கிற அடைப்புப் பொருள். ரோமம் சட்டென்று தீப்பிடிக்காது, தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சினாலும் தொட்டால் ஈரம் தெரியாது. இந்தக் குணம் முரட்டு முடிக்கும் உண்டு.

கம்பளியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் நம் ஆட்டின் முடியை நம் ஊர்ப் பெண்கள் நூற்று, நம் ஊர்த் தறியிலேயே நெய்தார்கள். புளியங்கொட்டைக் கூழ் ஏற்றிப் பாவு, அதாவது தறியின் நீளவாட்டு நூல், கெட்டிப்படுத்தின கம்பளியில் மழைத்தண்ணீர் சட்டென்று இறங்காது. ஆட்டோடு காட்டில் படுக்கிறவருக்கு அதுவே குடை, அதுவே பாய், அதுவே போர்வை. பிறகு பானிபட்டிலிருந்து பழந்துணியைப் பிரித்து நூற்ற மலிவுப் போர்வையும், பாலியெஸ்டர் போர்வையும் வந்தன. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. தறி நின்றதும் முடிக்கு ஊருக்குள் இருந்த ஒரே வாடிக்கையும் போயிற்று. இன்னும் நெய்கிற குடும்பங்கள் சில இருக்கின்றன. அவர்களுக்கு வேண்டியது மாதம் தவறாமல் ஒரே தரத்தில் முடி. நம்மிடம் முடி மலையாக வீணாகும்போது அவர்கள் வெளியூர் நூல் வாங்கி நெய்வது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். சங்கம் முதல் மூட்டையை அவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

எதற்கும் ஆகாத வாலடி முடி, துண்டு முடி இவற்றுக்கும் வழி இருக்கிறது. ரோமம் முழுக்க முழுக்கப் புரதம். அதில் தழைச்சத்து நிறைய உண்டு. மண்ணில் மெல்ல மட்கி மெல்ல விடும். அரவக்குறிச்சி, மூலனூர்ப் பக்கம் முருங்கைக் காடுகள் கொஞ்சமா இருக்கின்றன? மர அடியில் இந்தக் கழிவு முடியை மூடாக்காகப் போட்டால் கோடையில் ஈரம் நிற்கும். ஐரோப்பாவில் முடியை அழுத்தி உருண்டையாக்கித் தோட்ட உரமாகவே விற்கிறார்கள். நம் வேளாண் கல்லூரி மாணவர்களைக் கூப்பிட்டு, நாலு உறுப்பினர் தோட்டத்தில் ஒரு கோடைக்குப் போட்டு அளந்து பார்க்கச் சொல்லலாம். கிடை போட்டு நிலத்துக்கு உரம் கொடுத்த நமக்கு இது புது விஷயமே இல்லை.

வெளியே யாரெல்லாம் இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். இமாச்சலப் பிரதேசத்தில் மலை இடையர்களிடம் ரோமம் வாங்கி விற்க மாநில அளவில் ஒரு கூட்டுறவு இணையமே இருக்கிறது. மந்தை மலை ஏறி இறங்குகிற வழியில் முடிவெட்ட ஏற்பாடு செய்து, தரம் பார்த்து, அங்கேயே கொள்முதல் செய்கிறது. பிரிட்டனில் 1950 முதல் விவசாயிகளே நடத்துகிற ரோம வாரியம் இருக்கிறது. நாலு ஆட்டுக்கு மேல் வைத்திருக்கிறவர் அதில் பதிய வேண்டும் என்பது சட்டம். எல்லோருடைய முடியையும் வாங்கி, தரம் பிரித்து, பிராட்ஃபோர்டில் ஏலம் விட்டு, செலவு போக மிச்சத்தை ஆட்டுக்காரருக்குத் தருகிறது. பத்து ஆட்டுக்காரருக்கும் ஆயிரம் ஆட்டுக்காரருக்கும் ஒரே தரத்துக்கு ஒரே விலை. அங்கேயும் சில வருஷங்களில் விலை அடிமட்டத்துக்குப் போய், விவசாயிகள் முடியைக் குப்பையில் போட்டது உண்டு. 2020-இல் கொரோனா நேரத்தில் அதுதான் நடந்தது. ஆனாலும் அமைப்பு கலையவில்லை, அடுத்த வருஷமும் முடியை எடுத்தது. சேர்க்கிற வழக்கம் அறுந்துபோனால் திரும்பக் கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களுக்குத் தெரியும்.

கூடவே ஆஸ்திரேலியாவில் நடந்ததையும் செயற்குழு தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே ரோமத்துக்குக் கீழ்விலை நிர்ணயித்து, சந்தை அந்த விலை கொடுக்காவிட்டால் அமைப்பே வாங்கி வைத்துக்கொள்ளும் என்று ஒரு திட்டம் இருந்தது. எண்பதுகளின் கடைசியில் கீழ்விலையை ஏற்றிக்கொண்டே போனார்கள். வளர்ப்போர் கூட்டங்களில் கைதட்டல் வாங்கக்கூடிய முடிவுதான். விளைவு, வாங்குகிறவர்கள் ஒதுங்க, 47 லட்சம் பேல் (அழுத்திக் கட்டின பெரிய பொதி) முடி கிட்டங்கியில் தேங்கி, 1991 பிப்ரவரியில் திட்டமே நின்றது. தேங்கினதை விற்றுத் தீர்க்க 2001 வரை ஆயிற்று. ஆகவே நம் சங்கம் யாருக்கும் கிலோவுக்கு இவ்வளவு தருவோம் என்று முன்கூட்டி வாக்குக் கொடுக்க வேண்டாம். எடுக்கும்போது வெட்டுக்கூலிக்கு ஈடாக ஒரு முன்பணம், விற்ற பிறகு தரத்துக்கு ஏற்ப மிச்சம், அவ்வளவுதான். இதை முதல் நாளே, முதல் கூட்டத்திலேயே உடைத்துச் சொல்லிவிட வேண்டும். விலை குறைந்த வருஷத்தில் உறுப்பினர் கோபப்படலாம். ஏமாந்ததாக நினைக்கக் கூடாது.

பணம் எங்கிருந்து வரும்? ஜோத்பூரில் 1987 முதல் மத்திய ரோம வளர்ச்சி வாரியம் இருக்கிறது. 2021-இலிருந்து 2026 வரைக்கும் ஒருங்கிணைந்த ரோம வளர்ச்சித் திட்டத்துக்கு 126 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அதில் ரோம உற்பத்தியாளர் சங்கங்களுக்குச் சுழல்நிதி, முடிவெட்டும் இயந்திரம், பயிற்சி எல்லாம் உண்டு. நம் பக்கத்துச் சங்கங்கள் அந்த வாரியத்துக்கு ஒரு கடிதமாவது போட்டிருக்கின்றனவா என்று விசாரித்தேன். நான் கேட்ட இடத்தில் எல்லாம் அப்படி ஒரு வாரியம் இருப்பதே தெரியவில்லை. ராஜஸ்தான்காரர்களுக்கு மட்டும் உள்ள திட்டம் என்று நாமே ஒதுங்கிக்கொண்டால் யார் வந்து கூப்பிடுவார்கள்? நாட்டின் ரோமத்தில் ஏறத்தாழ பாதி ராஜஸ்தானில் விளைகிறது என்பது உண்மை. அதற்காக நம் உரிமையை விட வேண்டியதில்லை. அடுத்த கட்டத் திட்டத்தில் தென்னாட்டு முரட்டு ரோமத்துக்கும் ஒரு பங்கு கேட்டு, எல்லாச் சங்கங்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட ஒரே மனுவாகக் கொடுங்கள். தனித்தனி மனு வேண்டாம்.

அறிவுக்கும் அருகிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். அவிகாநகர் மத்திய செம்மறி மற்றும் ரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் 1965 முதல் இருக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் ஊரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் சாயங்காலத்துக்குள் போய்ச் சேரலாம். தரம் பிரிக்கப் பழக, இளவட்டப் பிள்ளைகள் நாலு பேரைச் சங்கச் செலவில் அனுப்புங்கள். பயிற்சி முடித்து வருகிறவருக்குச் சங்கம் மாதச் சம்பளமோ மூட்டைக் கணக்கில் கூலியோ உறுதியாகக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் திருப்பூர் கம்பெனிக்குப் போய்விடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

சட்டக் காரியமும் ஒன்று இருக்கிறது. 1975-ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிந்த சங்கம் லாபத்தை உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. ரோமம் விற்றுப் பணம் பட்டுவாடா செய்ய வேண்டுமானால் கூட்டுறவுச் சங்கமாகவோ உற்பத்தியாளர் நிறுவனமாகவோ தனி அமைப்பு வேண்டும். சங்கம் சங்கமாகவே இருக்கட்டும், அதன் கீழ் இது ஒரு கையாக இருக்கட்டும். ஆடிட்டர் ஒருவரைக் கேட்டு இதை முதலிலேயே சரிசெய்துவிட்டால், பின்னால் கணக்கு வழக்கில் மனஸ்தாபம் வராது. சங்கங்கள் உடைவது பெரும்பாலும் கணக்கில்தான்.

இனி கிடாய் விஷயம். என் மனதை அதிகம் உறுத்துவது இதுதான். 2012 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 48 லட்சம் செம்மறி இருந்தது. 2019-இல் 45 லட்சமாகக் குறைந்தது. அதே காலத்தில் நாடு முழுவதும் செம்மறி 14 சதவீதம் கூடியிருக்கிறது. எண்ணிக்கை குறைவது ஒரு பக்கம், இருப்பதும் கலந்துகொண்டே போவது இன்னொரு பக்கம். குரும்பை மந்தையில் சந்தைக்குப் பிடித்த சிவப்புக் கிடாயை விட்டால் இரண்டு மூன்று ஈற்றில் முடி போய்விடும். முடிக்கு விலை இல்லாத ஊரில் ஆட்டுக்காரர் அப்படிச் செய்வதில் தப்பு எதுவும் இல்லை, அவர் பிழைக்க வேண்டும். ஆனால் ஒரு நாள் நமக்கு முரட்டு முடி வேண்டும் என்று தோன்றும்போது ஆடு இருக்காது. நீலகிரியைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் டாஸ்மேனிய மெரினோவையும் இங்கிலாந்து இனங்களையும் நம் கோயம்புத்தூர் ஆட்டோடு சேர்த்து மலையில் உருவான இனம் அது. மேய்ச்சல் நிலம் தேயிலையானது, முடிக்கு ஆள் இல்லை, இப்போது சில ஆயிரம்தான் மிச்சம். பண்ணையில் வைத்துக் காப்பாற்றுகிற நிலைக்கு வந்துவிட்டது. நம் ஆட்டுக்கு அந்த நிலை வரக் கூடாது.

சங்கத்தால் செய்யக்கூடியது இது: முடியும் உடம்பும் நன்றாக உள்ள குரும்பைக் கிடாய்களையும் திருச்சி கருப்புக் கிடாய்களையும் அடையாளம் கண்டு பேரேட்டில் ஏற்றுங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை உறுப்பினர்களுக்குள் கிடாயை மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். ஒரே இரத்தம் சேராமலும் இருக்கும், வெளிக்கிடாய் வாங்குகிற செலவும் மிச்சம். நல்ல கிடாயைக் கறிக்கு விற்காமல் வைத்திருக்கிறவருக்குச் சங்கம் ஒரு சின்ன ஊக்கத்தொகை கொடுக்கலாம். நாட்டினம் காப்பவர்களுக்குக் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் வருஷாவருஷம் விருது தருகிறது. நம் ஆட்டுக்காரர் பெயரைச் சங்கம்தான் அனுப்பிவைக்க வேண்டும். எழுதத் தெரியாத பெரியவர் தானாக எப்படி விண்ணப்பம் போடுவார்?

இன்னொன்று. உங்கள் கூட்டங்களில் முன்வரிசை நாற்காலி முழுவதும் ஆண்கள். குட்டிக்குப் பால் கொடுப்பதிலிருந்து பட்டி கூட்டுவது வரை வீட்டில் யார் செய்கிறார்கள் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். முடியை உதறி, நெருஞ்சி முள்ளும் ஒட்டுப்புல்லும் பொறுக்கி, நிறம் பிரித்து, நூற்பது என்பது எங்கள் பக்கம் அம்மாக்களும் பாட்டிகளும் செய்த வேலை. அந்தக் கைப்பக்குவம் தெரிந்த பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. ரோமப் பிரிவை நடத்துகிற குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். பணமும் அவர்கள் பெயரில் உள்ள கணக்குக்கே போக வேண்டும். முடிவெட்டுகிற தொழிலாளிகளையும் உறுப்பினர்களாகச் சேருங்கள். அவர்கள் கை சரியாக இருந்தால்தான் மற்றதெல்லாம்.

இதை எல்லாம் ஒரே வருஷத்தில் செய்யச் சொல்லிக் கேட்கவில்லை. வருகிற பொதுக்குழுவில் ரோமத்தை ஒரு பொருளாக அஜெண்டாவில் போடுங்கள். எந்த உறுப்பினரிடம் முடி ஆடு எத்தனை, என்ன நிறம், எந்த மாதம் வெட்டுகிறார் என்று ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். அடுத்த வெட்டுக்கு ஒரே ஒரு ஊரில், சங்கக் கட்டடமோ கோயில் மண்டபமோ, மழை ஒழுகாத ஒரு அறையில் தராசும் நாலு பையும் வைத்து எடுத்துப் பாருங்கள். வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று, குட்டி முடிக்கு ஒன்று, கழிவுக்கு ஒன்று. எடை போட்டதும் ஆட்டுக்காரர் கையில் ரசீது கொடுங்கள். தரம் பிரிக்கவும் தறிக்காரர்களோடு பேசவும் என்னை எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன். கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
அரவக்குறிச்சி வட்டாரத்துக் குரும்பை ஆட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை